செவ்வாய்க்கிழமைத் தார்

சில்லு ஆறட்டும் முதலில்.
பன்னிரண்டு மணி வெயிலில்
காங்கேசன்துறை வீதியால் வந்த கார்.
சூட்டில் எண்ணெய் நிற்காது,
காய்ந்து இன்னொரு கறையாகும்.
வேம்புக்குக் கீழே விடுங்கோ என்றேன்.

கோகுலறமணன் விட்டார், அரைமனதாய்.
நாலு மணிக்கு மானிப்பாயில்
தம்பிக்குப் பொம்பிளை பார்க்கப் போக வேணுமாம்.
வெள்ளை அக்சியோ.
நாலு சில்லிலும் கறுப்புப் புள்ளி,
அம்மை வந்த பிள்ளையின் முகம் மாதிரி.
"றோட்டுப் போடுற மூதேவியள்,
ஒரு போர்ட் வைக்கத் தெரியாதே?"

எனக்குத் தெரியும் அந்தப் போர்டை.
செவ்வாய்க்கிழமை காலமை
இணுவிலில், இரண்டு தார்ப்பீப்பாவுக்கு நடுவில்
கம்பியால் இறுக்கிக் கட்டியது
என்ரை மனுசன், அமலதாஸ்.
'மெதுவாக' என்று சிவப்பில் எழுதினதும் அவர்தான்.
அவர் எழுதுகிற 'மெ' எப்போதும்
கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும்,
விழப்போகிற ஆள் மாதிரி.

சொல்லவில்லை.
பின்சில்லுக்குக் கல் வைத்தேன்,
தண்ணீரைத் திறந்தேன்.

முதலில் மண் போக வேணும்.
மண் இருக்கத் துடைத்தால்
துணியே அரமாகும்.

"பெற்றோல் ஊத்துங்கோ, உடனே போகும்."
போகும்.
அலோயின் மினுக்கமும் சேர்ந்து போகும்.
மதிலுக்கு அந்தப் பக்கம் ஒட்டுப் பட்டறை,
பொறி பறந்தபடி இருக்கிறது.
அது இங்கே ஒன்று விழுந்தால்
காரும் போகும், நானும் போவேன்,
தம்பியின் கலியாணம் மட்டும் மிஞ்சும்.
பிளேட் வேண்டாம்.
கம்பிப் பிறஸ் வேண்டவே வேண்டாம்.

தேங்காயெண்ணெய் போதும்.
ஆருக்கும் தெரியாத உட்பக்கத்தில்
ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன்,
நிறம் மாறவில்லை.
பழைய சாரத்தைக் கிழித்து, நனைத்து,
ஒவ்வொரு புள்ளியிலும் ஒட்டிவிட்டு
பத்து நிமிசம் சும்மா இருக்க வேணும்.
இந்தச் சும்மாதான் ஒருத்தருக்கும் வராது.

அவருக்கும் வரவில்லை.
காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

எங்கள் வீட்டில் வரும்.
இரவு எட்டு மணிக்கு
பின்படியில் காலை நீட்டி அமலதாஸ் இருப்பார்.
கணுக்கால் மயிர் கருகியிருக்கும்.
இதே எண்ணெய், இதே சாரத்தின் மற்றப் பாதி.
நான் எட்டு எண்ணுவதற்குள் நித்திரை.
முந்தி ஒருநாள் பொறுக்காமல்
நகத்தால் இழுத்தார்,
தாரோடு தோலும் வந்தது.
அன்றைக்குத்தான் படித்தோம் இரண்டு பேரும்:
தாரை இழுக்கக் கூடாது,
அது தானாக விடும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேணும்.

விட்டது.
துணியில் மண்ணிறமாய் வழிந்து வந்தது.
விடாத இரண்டை
பழைய டெலிபோன் கார்ட்டின் விளிம்பால்
மெல்லத் தள்ளினேன்.

பிறேக் டிஸ்க்கில் மட்டும் ஒரு துளி படக்கூடாது.
எண்ணெய் குடித்த பிறேக்
சந்தியில் உங்களை ஆரென்று கேட்கும்.
அதனால் உட்பக்கத்துப் புள்ளி ஒன்றை விட்டுவிட்டேன்.
அது இருக்கட்டும்.

சவர்க்காரத் தண்ணீர், நல்ல தண்ணீர், காய்ந்த துணி.
எண்ணெய்ச் சீலைகளை மூடியுள்ள தகரப் பேணியில் போட்டேன்.
நிலத்தில் எறிய மாட்டேன்.
எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்,
முழுக்கப் பொத்தல்.
இங்கே ஊத்தினது
நாளைக்கு ஆரோ ஒருத்தியின் வாளியில் ஏறி வரும்.

கோகுலறமணன் குனிந்து பார்த்தார்.
சில்லில் அவருடைய முகம் தெரிந்தது,
கொஞ்சம் வளைந்து.
"வடிவாச் செய்திருக்கிறியள். எங்கை பழகினது?"
"வீட்டிலை."

கேற்றடியில் மெதுவாய் உருட்டி
இரண்டுதரம் பிறேக் அடித்துப் பாருங்கோ என்றேன்.
அடித்தார். நின்றது.
"திரும்பி வரேக்கை போர்ட் இருந்தால் வாசியுங்கோ"
என்று சொன்னேன்.
கண்ணாடி ஏறிவிட்டது, கேட்டிருக்காது.

போத்தலில் இரண்டு விரல் எண்ணெய் மிச்சம்.
முதலாளியின் எண்ணெய்தான்.
மூடியை இறுக்கி என் பையில் வைத்தேன்.
கேட்டால் சம்பளத்தில் கழிக்கட்டும்.